மூங்கில் கம்பு, 15 கிலோ வெடி: ஜப்பானின் கடலடி தற்கொலைப் படை

1942 ஏப்ரலில் 5 விமானம் தாங்கிக் கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுக்கு வந்து திருகோணமலையில் குண்டு வீசியது ஜப்பான். மூன்றே வருஷத்தில் நிலைமை தலைகீழ். சொந்தக் கரையைக் காக்க 'ஃபுகுர்யூ' என்ற தற்கொலைப் படையைத் தயார் செய்தது.

பிளான் என்ன?

தலைக்கவசம், 2 ஆக்சிஜன் சிலிண்டர், 9 கிலோ ஈயம். இதோடு கரையோரக் கடலடியில் காத்திருக்கணும். அமெரிக்கப் படகு மேலே வந்ததும், மூங்கில் கம்பு நுனியில் இருக்கும் 15 கிலோ வெடியால் அதன் அடியில் குத்தணும். குத்துபவரும் பிழைக்க மாட்டார்.

சிக்கல் எங்கே?

மூக்கால் இழுத்து, வாயால் விடணும். விட்ட மூச்சை காஸ்டிக் சோடா டப்பா சுத்தம் செய்யும். அதில் கடல்நீர் புகுந்தால், அரிக்கும் திரவம் நேரா வாய்க்கு வந்துவிடும். பயிற்சியிலேயே பலர் இறந்தார்கள்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. எதிர்பார்த்த தரையிறக்கம் நடக்கவே இல்லை. பயிற்சியில் போன உயிர்கள் போனதுதான்.