ஆடு மேய்த்த பாட்டி டில்லி மேடையில்!

குழந்தைகளே! உங்களுக்கு ஒரு கேள்வி. சினிமாவில் பாட வேண்டுமென்றால் என்ன வேண்டும்?

"சங்கீதம் கத்துக்கிட்டிருக்கணும்", "சின்ன வயசுலயே கிளாசுக்குப் போகணும்", "டி.வி. போட்டியில ஜெயிக்கணும்" என்று ஆளுக்கொரு பதில் சொல்வீர்கள், இல்லையா?

இது எதுவும் இல்லாமல், ஆடு மாடு மேய்த்துக்கொண்டே பாடிய ஒரு பாட்டி, 60 வயதை ஒட்டிய காலத்தில் இந்தியாவின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருதை வாங்கினார். அவர் பெயர் நஞ்சம்மா. அவருடைய கதையைச் சொல்வதற்கு முன், எங்கள் ஏரிக்கரைக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதில் இந்த டீச்சர் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது.

ஏரிக்கரைச் சிறுமி

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. இங்குள்ள ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கடல் நீரும் ஆற்று நீரும் இதில் கலக்கின்றன. ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா தீவு, இந்த ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஏரிக்கரையில் மீனவர் குப்பங்கள் பல உண்டு. இருளர் குடியிருப்புகளும் உண்டு. இருளர்கள் இறால் பிடிக்கும் விதமே தனி. படகு கிடையாது, பெரிய வலை கிடையாது. ஆழம் குறைந்த தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து போவார்கள். சேற்றில் கையால் தடவித் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுவைக்கப் பனை ஓலையில் முடைந்த 'பறி' இருக்கும். கை இரண்டும் தண்ணீரில் இருப்பதால், அந்தப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள்!

வாயில் பறி இருக்கும்போது பேசவே முடியாது. பாட்டுக்கு எங்கே போவது? கரை ஏறி, அடுப்பு மூட்டி, குழந்தையை மடியில் போட்ட பிறகுதான் பாட்டு வரும்.

அப்படி ஒரு வீட்டிலிருந்து என் வகுப்புக்கு ஒரு சிறுமி வந்தாள். ஐந்தாம் வகுப்பு. அதிகம் பேச மாட்டாள். ஆண்டு விழாவுக்குப் பாட யார் வருகிறீர்கள் என்று நான் கேட்டபோது, முதல் முறையாகக் கை தூக்கினாள்.

"டீச்சர், எங்க ஆயா பாட்டு ஒண்ணு தெரியும்" என்றாள்.

"எங்கே, பாடு பார்க்கலாம்" என்றேன்.

இரண்டு வரிகூடப் பாடியிருக்க மாட்டாள். பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர்களை அதட்டியிருக்க வேண்டிய நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதெல்லாம் விழாவுக்குச் சரிப்படாதும்மா. புத்தகத்துல இருக்கிற பாட்டு ஏதாவது பாடு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் அவள் பாடவே இல்லை. அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று நானும் கேட்கவில்லை.

வருடங்கள் ஓடின. நானும் ஓய்வு பெற்றேன். 2022ஆம் ஆண்டு, டி.வி. செய்தியில் நஞ்சம்மாவைப் பார்த்தேன். அவரும் இருளர் என்று செய்தியில் சொன்னார்கள். எனக்குச் சட்டென்று அந்தச் சிறுமியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மலையில் ஒரு குரல்

இப்போது நஞ்சம்மா கதைக்கு வருவோம்.

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், நம் கோவை மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது அட்டப்பாடி. பவானி ஆறும் சிறுவாணி ஆறும் ஓடுகிற மலைப் பகுதி. இருளர், முதுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அங்குள்ள நக்குப்பதி என்ற ஊரைச் சேர்ந்தவர் நஞ்சம்மா.

அட்டப்பாடி இருளர்களின் தாய்மொழி 'இருள மொழி'. தமிழுக்கு நெருங்கிய உறவுள்ள மொழி. ஆனால், அதற்கென்று தனி எழுத்து கிடையாது. ஆகவே அவர்களின் பாட்டு எந்தப் புத்தகத்திலும் தங்காமல், பாட்டி வாயிலிருந்து பேத்தி காதுக்கு என்றுதான் நகர்ந்து வந்தது. பிள்ளையைத் தூங்க வைக்க ஒரு பாட்டு, விதைக்கும்போது ஒரு பாட்டு, இறந்தவரை வழியனுப்ப ஒரு பாட்டு என்று எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு. கூடவே தவில், பொறை என்ற தோல் கருவிகள், 'கொகால்' என்ற ஊதுகருவி, ஜால்ரா.

நஞ்சம்மா ஆடு மாடு மேய்த்தார். காட்டு வேலை செய்தார். பாட்டு அவருக்கு வேலையோடு வேலையாக வந்தது. பிறகு, 'ஆசாத் கலா சங்கம்' என்ற அட்டப்பாடிக் கலைக்குழுவில் சேர்ந்து, பழங்குடிப் பாடல்களை மேடைகளில் பாடி வந்தார். அட்டப்பாடிக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

தேடி வந்த இயக்குநர்

மலையாள இயக்குநர் சச்சி, 'அய்யப்பனும் கோஷியும்' என்ற படத்தை எடுத்தார். கதை அட்டப்பாடியில் நடக்கிறது. அந்த மண்ணின் பாட்டே படத்தில் வர வேண்டும் என்று விரும்பி விசாரித்தபோது, நஞ்சம்மாவைப் பற்றித் தெரிந்தது. அவரைப் பாடச் சொல்லிக் கேட்டார். சச்சிக்கு மிகவும் பிடித்துவிட்டது.

நஞ்சம்மாவின் பாட்டுக்கு ஜேக்ஸ் பிஜாய் இசையமைத்தார். சந்தன மரம் நிறையப் பூத்திருக்கிறதே, பூப்பறிக்கப் போகலாமா, வானத்தில் போகிற விமானத்தைப் பார்க்கலாமா என்று குழந்தையிடம் ஆசையாகக் கேட்பது போன்ற பாட்டு அது. எழுதியவரும் நஞ்சம்மாதான். படத்தில் சிறு வேடத்தில் நடிக்கவும் செய்தார்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். அந்தப் படத்தின் கதாநாயகர்கள் பிருத்விராஜ், பிஜு மேனன் இருவரும் கேரளாவில் மிகப் பெரிய நட்சத்திரங்கள். "இவர்களைத் தெரியுமா?" என்று நஞ்சம்மாவிடம் கேட்டார்கள். தெரியாது என்று வெள்ளையாகச் சிரித்தார் அவர். அந்தச் சிரிப்பும் பாட்டோடு சேர்ந்து ஊரெங்கும் பரவியது.

2020 பிப்ரவரி 7ஆம் தேதி படம் வெளியானது. இருள மொழி தெரியாதவர்களும் அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். இணையத்தில் கோடிக்கணக்கான முறை அது கேட்கப்பட்டது.

ஆனால், அந்த ஆண்டு ஜூன் 18ஆம் தேதி இயக்குநர் சச்சி காலமானார். தான் தேடிக் கண்டுபிடித்த குரலுக்குக் கிடைத்த பெருமையைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

விருதும் ஒரு சர்ச்சையும்

2022 ஜூலை 22ஆம் தேதி, 68வது தேசிய திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. நம் 'சூரரைப் போற்று' சிறந்த படமாகத் தேர்வானதும் அன்றுதான். சிறந்த இயக்குநர், மறைந்த சச்சி. சிறந்த பின்னணிப் பாடகி, நஞ்சம்மா!

எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால், அப்படி நடக்கவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டுச் சங்கீதம் கற்றவர்கள் இருக்கும்போது, சுருதி சொன்னால் அதற்கேற்றபடி பாடத் தெரியாத ஒருவருக்கு இந்த விருதா என்று ஓர் இசைக்கலைஞர் கேட்டார். பெரிய விவாதம் கிளம்பியது. முறையாகச் சங்கீதம் கற்ற கலைஞர்கள் பலரே நஞ்சம்மாவுக்கு ஆதரவாகப் பேசினார்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சங்கீதம் கற்பது உயர்ந்த விஷயம்தான். விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்பவரின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால், நஞ்சம்மாவும் கற்றவர்தானே? அவருடைய பள்ளிக்கூடம் காடும் வீடும். அவருடைய ஆசிரியர்கள் ஊர்ப் பெரியவர்கள். அங்கே தேர்வும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. பாட்டை மறக்காமல் இருப்பது ஒன்றுதான் பாஸ் மார்க்!

2022 செப்டம்பர் 30ஆம் தேதி டில்லியில் விழா நடந்தது. நஞ்சம்மாவின் பெயரை அழைத்ததும் அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. விருது கொடுத்தவர் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு. சந்தால் பழங்குடியில் பிறந்து, அந்தப் பதவிக்கு வந்த முதல் பழங்குடிப் பெண். அவரும் ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியைதான்!

கடலுக்கு அப்பால் ஒரு நஞ்சம்மா

இதே போல் ஒரு கதை ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் உள்ள கேப் வெர்டே தீவுகளிலும் நடந்தது. அங்கே மிண்டெலோ என்ற துறைமுக ஊரில் 1941இல் பிறந்தவர் செசாரியா எவோரா. சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட, அனாதை இல்லத்தில் கொஞ்ச காலம் வளர்ந்தார். மாலுமிகள் கூடும் கடைகளில் பாடிப் பிழைத்தார். உலகம் அவரைக் கண்டுகொண்டபோது அவருக்கு 50 வயதாகிவிட்டது. பாரிஸ் மேடைகளிலும் அவர் தம் தீவின் கிரியோல் மொழியில்தான் பாடினார். செருப்பில்லாமல் வெறுங்காலோடுதான் நின்றார். 2004இல் இசை உலகின் பெரிய விருதான கிராமி விருது அவரைத் தேடி வந்தது.

இருவருமே புகழுக்காகத் தங்கள் மொழியை மாற்றிக்கொள்ளவில்லை. உலகம்தான் அவர்கள் பாட்டைக் கேட்கக் கற்றுக்கொண்டது.

உங்கள் வீட்டில் என்ன பாட்டு?

குழந்தைகளே, ஊர் ஊராகத் தேடி வர எல்லோருக்கும் ஒரு சச்சி கிடைப்பதில்லை. பாடும் எல்லோருக்கும் விருது கிடைப்பதும் இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சச்சி வராமல் போயிருந்தால் நஞ்சம்மா பாடாமல் இருந்திருப்பாரா? பாடிக்கொண்டுதான் இருந்திருப்பார். அந்தப் பாட்டும் இதே அழகோடுதான் இருந்திருக்கும்.

எங்கள் குப்பங்களில் பெரியவர்கள் வலை இழுக்கும்போது 'அம்பா' பாட்டு பாடுவார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடியபடி ஒரே மூச்சில் இழுப்பார்கள். இயந்திரப் படகுகள் வந்த பிறகு அந்தப் பாட்டு குறைந்துகொண்டே போகிறது. உங்கள் ஊரிலும் நாற்று நடும் பாட்டு, கும்மிப் பாட்டு, தாலாட்டு என்று ஏதாவது இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா, பாட்டி, ஆயா, அப்பத்தா பக்கத்தில் போய் உட்காருங்கள். "ஒரு பாட்டு சொல்லுங்க" என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யார் பாடியது, எப்போது பாடுவார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

வகுப்பில் யாராவது தன் வீட்டுப் பாட்டைப் பாடினால், சிரிக்காமல் கடைசி வரி வரை கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட அந்த ஆயா பாட்டு, இன்னும் எனக்குத் தெரியாத பாட்டாகவே இருக்கிறது.

தெரிந்துகொள்ளுங்கள்!

* தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த நிலையில் உள்ள பழங்குடிகளாக அறிவிக்கப்பட்ட ஆறு பிரிவினரில் இருளரும் உண்டு.

* பாம்புக் கடிக்கு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துக் கொடுக்க, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இது இயங்கி வருகிறது.

* பாம்பு பிடிப்பதில் வல்லவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.