வாஷிங் மெஷின் நின்னு போச்சா? பதறாதீங்க!



குழுக்கடன் போட்டு வாங்கிய மெஷின் பாதியில் நின்றால் மனசு பதறத்தான் செய்யும். மெக்கானிக்குக்குக் காசு கொடுக்கும் முன் நாமே சிலதைப் பார்த்துவிடலாம்.

மேலே மூடி உள்ள மெஷினில், தொட்டிக்குள் ஓட்டை ஓட்டையாக ஒரு டிரம் இருக்கும். அதன் அடியில் உள்ள தட்டு இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுற்றித் துணியைத் துவைக்கும். அழுக்குத் தண்ணி வெளியேறியதும் டிரம்மே வேகமாகச் சுற்றிப் பிழியும்.

எதில் கைவைத்தாலும் முதலில் பிளக்கைக் கழற்றிடுங்க.

• தண்ணி மெதுவா வருதா? குழாயை மூடிவிட்டு, மெஷினில் பைப் சேரும் இடத்து வலையைக் கழுவுங்க. போர் தண்ணியின் மண்ணும் உப்பும் அடைத்திருக்கும்.

• தண்ணி வெளியேறலையா? கழிவுநீர் பைப் மடங்கியோ அடைத்தோ இருக்கும்.

• பிழியும்போது குதிக்குதா? துணி ஒரே பக்கம் சேர்ந்திருக்கும். பிரித்துப் போடுங்க. நாலு காலும் தரையில் பதியணும்.

• பிழியவே இல்லையா? மூடி சரியாக மூடியிருக்கா, தண்ணி முழுக்க வடிந்ததா பாருங்க.

• தொட்டால் ஷாக் அடிக்குதா? மெஷினைத் தொடாமல் மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்க. இதில் மட்டும் நம் கைவைத்தியம் வேண்டாம். காசை விட உயிர் பெரிது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்க.