எடை குறைகிறதா, தண்ணீர் குறைகிறதா?

குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டைக் கொடியில் போட்டுப் பாருங்கள். மாலை வரை கிடந்தாலும் அது உலர்வதில்லை. அதே துண்டைச் சித்திரை மாதத்தில் தென்காசியில் ஒரு மொட்டை மாடியில் போட்டால் சற்று நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடுகிறது. இதற்குக் காரணம் யாது? செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றில் நீராவி ஏறக்குறைய தெவிட்டிய நிலையில் இருக்கிறது. அந்நிலையில் துண்டிலிருந்து ஆவியாகும் நீர் மிகக் குறைவு.

மற்போர், ஜூடோ, கபடி, ஜியு-ஜிட்சு போன்ற விளையாட்டுகளில் ஈடுபடும் இளைஞர்கள் இந்த எளிய உண்மையை அவசியம் அறிந்திருக்க வேண்டும். அது அவர்களுடைய உயிரைக் காக்கும் செய்தியாகும்.

எடைப் பிரிவு எதற்கு?

ஜப்பானில் ஜிகோரோ கானோ என்பவர் 1882ஆம் ஆண்டு கோடோகான் என்னும் பள்ளியை நிறுவி ஜூடோவை வகுத்தார். அப்பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் நாட்டை அடைந்தார். அவர் வழியாக அக்கலையைக் கற்ற கிரேசி குடும்பத்தார், தரையில் கிடந்தபடி போரிடும் முறைகளை விரிவாக வளர்த்தனர். அதுவே இன்று பிரேசிலிய ஜியு-ஜிட்சு எனப்படுகிறது. எதிரியின் கையையோ காலையோ நெம்புகோல் போல் பயன்படுத்தி, வலிமை குறைந்தவரும் வலியவரை மடக்கலாம் என்பது இதன் அடிப்படை.

எனினும், இருவரும் சம அளவு திறமை உடையவர்களானால் பளுவானவருக்கே வாய்ப்பு அதிகம். எனவேதான் போட்டிகளில் எடைப் பிரிவுகள் உள்ளன. சர்வதேசப் பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி, வயது வந்த ஆண்களுக்கு 57.5 கிலோ, 64 கிலோ, 70 கிலோ, 76 கிலோ என்று வரம்புகள் ஏறிக்கொண்டே போகின்றன. 65 கிலோ எடையுள்ள ஒருவர் 64 கிலோ பிரிவில் நின்றால் தம்மைவிடச் சிறியவர்களைச் சந்திக்கலாம் அல்லவா? இந்த ஆசையில்தான் ஆபத்து தொடங்குகிறது. போட்டிக்குச் சில நாட்கள் முன்னதாகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவதும், பிளாஸ்டிக் உடையை அணிந்துகொண்டு ஓடுவதும் பல நாடுகளில் வழக்கமாகிவிட்டன.

தராசு சொல்லாத செய்தி

ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்குப் பின் தராசில் ஏறுகிறீர்கள். ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. போனது எது? ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

கடுமையான பயிற்சியில் உடல் நிமிடத்திற்குத் தோராயமாக 10 கிலோகலோரி ஆற்றலைச் செலவிடும் எனக் கொள்வோம். 90 நிமிடத்திற்கு 900 கிலோகலோரி. உடலில் உள்ள ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றலுக்குச் சமம். ஆகவே அந்த ஆற்றல் முழுவதும் கொழுப்பிலிருந்தே கிடைத்தது என்றாலும், கரைந்த கொழுப்பு 120 கிராமைத் தாண்டாது. எஞ்சிய 1,380 கிராமில் பெரும்பகுதி தண்ணீர்தான். எவ்வளவு போயிற்று என்று தராசு சரியாகச் சொல்லும். எது போயிற்று என்று அது சொல்லாது.

சொட்டும் வியர்வையும் உலரும் வியர்வையும்

செலவான ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு, அதாவது நிமிடத்திற்கு 7.5 கிலோகலோரி, வெப்பமாக மாறுகிறது. மனித உடலின் தன்வெப்பம் கிலோவிற்கு ஏறத்தாழ 0.83 கிலோகலோரி. எனவே 60 கிலோ உடலை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 50 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் உடல் வெப்பநிலை 1.5 டிகிரி உயரும். இருபது நிமிடத்தில் 37 டிகிரி 40 டிகிரியாகிவிடும்.

இதனைத் தடுப்பது வியர்வையே. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது, உள்ளுறை வெப்பமாக ஏறத்தாழ 580 கலோரியைத் தோலிலிருந்து எடுத்துச் செல்கிறது. நிமிடத்திற்கு 13 கிராம் உலர்ந்தால், தோன்றும் வெப்பம் அவ்வளவும் நீங்கிவிடும். இங்கே ‘உலர்ந்தால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தரையில் சொட்டும் வியர்வை உள்ளுறை வெப்பத்தை எடுத்துச் செல்வதில்லை. அதனால் உடலுக்கு நீர் நட்டமே தவிரக் குளிர்ச்சி இல்லை.

ஆவியாதலின் வேகம், தோலின் மேல் உள்ள நீராவி அழுத்தத்திற்கும் காற்றின் நீராவி அழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. 35 டிகிரியில் உள்ள ஈரமான தோலின் மேல் அது 42 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். சாரல் நாளில் வெளிக்காற்று 26 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் கொண்டதாயின் அதன் நீராவி அழுத்தம் 23 மில்லிமீட்டர்; வேறுபாடு 19. கொடியில் கிடக்கும் துண்டு காற்றைப் போலவே குளிர்ந்திருப்பதால் உலர்வதில்லை; நம் தோல் சூடாக இருப்பதால் ஓரளவு உலர்கிறது. பலர் கூடிப் பயிலும் மூடிய அறையில் 30 டிகிரியும் அதே ஈரப்பதமும் இருந்தால் வேறுபாடு 13 ஆகக் குறைகிறது. தடித்த பருத்தி அங்கி அதற்கும் தடையாகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உடைக்குள்ளோ விரைவில் நீராவி தெவிட்டிவிடும். வேறுபாடு சுழி! வியர்வை ஆறாக ஓடும், உடல் குளிராது.

அத்துடன், வியர்வைக்கு வேண்டிய நீர் இரத்தத்திலிருந்தும் எடுக்கப்படுகிறது. இரத்தத்தின் கன அளவு குறையும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது. தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. வெப்பம் வெளியேறுவது மேலும் தடைப்படுகிறது. உடல் எடையில் 2 சதவீத நீரை இழந்தாலே நீடித்து உழைக்கும் திறன் குறையத் தொடங்கும்.

அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இவ்வாறே இறந்தனர். மூவரும் நீராவி புகாத உடையணிந்து, சூடான இடத்தில் பயிற்சி செய்து எடையைக் குறைக்க முயன்றவர்கள். அடுத்த ஆண்டே அந்நாட்டின் கல்லூரி விளையாட்டு அமைப்பு அத்தகைய உடையையும் வெப்ப அறையையும் தடை செய்தது.

நம் நாட்டு வீராங்கனை வினேஷ் போகட்டையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்டு 6ஆம் நாள் 50 கிலோ பிரிவில் மூன்று போட்டிகளில் வென்று இறுதிச் சுற்றை அடைந்தார். முன்னர் 53 கிலோ பிரிவில் போட்டியிட்டவர் அவர். மறுநாள் காலை எடை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கப்பட்டார். இரவெல்லாம் பயிற்சி, வெப்ப அறை, முடியைக் குறைத்தல் என எதுவும் பயன்படவில்லை. அரை டம்ளர் தண்ணீரின் எடை அது! அவரது திறமையில் குறையில்லை. அத்தகையவரையும் வீழ்த்தவல்லது இந்த எடைப் போராட்டம்.

போட்டிக்குச் செல்வோர்க்கு

ஜியு-ஜிட்சு போட்டியில் முதல் ஆட்டத்திற்குச் சற்று முன்னரே, அங்கியுடன் எடை பார்க்கிறார்கள். அங்கி மட்டுமே ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கலாம். இழந்த நீரை ஈடு செய்ய நேரமும் கிடைக்காது. ஆகவே நன்றாகத் தண்ணீர் குடித்த நிலையில், அங்கியுடன் சேர்த்து உங்கள் எடை எதுவோ, அதற்குரிய பிரிவிலேயே பெயர் கொடுங்கள். கொழுப்பைக் குறைக்க வேண்டுமானால் வாரத்திற்கு அரைக் கிலோ என்ற அளவில், பல வாரங்களுக்கு முன்பே உணவைத் திட்டமிட்டுத் தொடங்குங்கள். வளரும் வயதினர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கக் கூடாது.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, ஒரே மெல்லிய உடையில் எடை பாருங்கள். இடையில் குடித்த நீரின் எடையைக் குறைந்த எடையுடன் கூட்டுங்கள். ஏறக்குறைய அதுவே நீங்கள் இழந்த வியர்வை. சாரல் நாளில் ஒரு முறையும் வெயில் நாளில் ஒரு முறையும் அளந்து குறித்து வையுங்கள். இழந்ததை நீர், உப்பிட்ட மோர், இளநீர் ஆகியவற்றால் நிரப்புங்கள். பயிற்சியின்போது தலைசுற்றலோ, குளிர் நடுக்கமோ, பேச்சில் குழப்பமோ கண்டால் உடனே நிறுத்தி, அங்கியைக் கழற்றி, உடலை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

ஒரு பிரிவு கீழே இறங்கிப் பெறும் பதக்கத்தைவிட, உங்கள் சொந்த எடையில் முழு வலிமையோடு நின்று தோற்பதும் மேலானது. அடுத்த போட்டிக்கு நீங்கள் நலமாக இருப்பீர்கள்.