ஒட்டுத்துணியில் ஒரு போர்வை

எங்கள் ஊர்களில் தையல் மெசின் இல்லாத வீடு குறைவு. விறாந்தையின் வெளிச்சமான மூலையிலோ யன்னலோரத்திலோ மரமூடி போட்ட கைமெசின் அல்லது கால்மெசின் ஒன்று நிற்கும். சிங்கர் கொம்பனி இலங்கைக்கு வந்தது 1877 இல். அதன்பின் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் அந்தக் கறுத்த மெசினில் பள்ளிச் சட்டை தைத்தார்கள், சாரம் மூட்டினார்கள், தலையணை உறை அடித்தார்கள். சீதனச் சாமான்களோடு மெசினும் போனது. உழைப்பவரை இழந்த பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த மெசினால்தான்.

பிறகு இடம்பெயர்வுகள் வந்தன. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடு இரவாக வெளியேறியபோது, கையில் எடுக்க முடிந்தது பிள்ளைகளையும் ஒரு பையையும்தான். 2009 இல் வன்னியில் பலருக்கு அந்தப் பையும் மிஞ்சவில்லை. மெசின் போய்விட்டது. தைக்கத் தெரிந்த கை மட்டும் எம்மோடு வந்தது.

அந்தக் கைகள் இன்று அஜக்ஸ் வீடுகளில் சும்மா இருக்கின்றன. காலையில் மகனும் மருமகளும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. வீட்டில் தனித்திருப்பவர் அம்மம்மா. அல்லது புதிதாக வந்து இன்னும் வேலை கிடைக்காத இளம் தாய். வெளியே பனி, தனியே பஸ் ஏறப் பயம், ஆங்கிலமும் இன்னும் வசப்படவில்லை. மாலையில் வரும் பிள்ளைக்கும் அம்மம்மாவுக்கும் இடையில் 'சாப்பிட்டியா' என்பதற்கு மேல் பேச்சு நீள்வதில்லை. இப்படியான வீடுகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: இந்த நாட்டில் பெரிதாக மதிக்கப்படும் ஒரு கைவேலை உண்டு. அதற்கு வேண்டிய பழக்கம் எமது தாய்மாரிடம் ஏற்கனவே இருக்கிறது. அதற்கேற்ற மெசினும் இங்கே மலிவாகக் கிடைக்கிறது.

அந்தக் கைவேலையின் பெயர் குவில்ற்.

ஒட்டுத்துணி என்றால் ஏழ்மையா?

குவில்ற் என்பது மூன்று படைகள் கொண்ட போர்வை. மேலே துண்டுத் துணிகளைப் பொருத்தித் தைத்த படை, நடுவே பஞ்சுப் படை, கீழே ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஊடுதையல் போடுவார்கள். மேற்படையை ஒரே நீட்டில் தைப்பதில்லை. சிறு சிறு சதுரங்களாகத் தைத்துப் பின்னர் இணைப்பார்கள். அந்தச் சதுரம் ஒன்றைத்தான் 'புளொக்' என்கிறார்கள்.

எம்மவரில் சிலருக்கு இதைக் கேட்டதும் முகம் சுருங்கும். ஒட்டுப்போட்ட துணி என்றால் எமக்கு வறுமையின் அடையாளம். ஆனால் வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் 'காந்தா' இன்று உலகமெங்கும் விலைப்படுகிறது. பழைய நூல்சேலையில் பிள்ளைக்கு ஏணை கட்டிய எமக்கு, பாவித்துப் பாவித்து மெதுமையான துணியின் அருமை தெரியாததல்ல. இந்த நாட்டிலும் குவில்ற் தட்டுப்பாட்டில் வளர்ந்ததுதான். குளிர் அதிகம், துணி குறைவு. கிழிந்த உடுப்பின் நல்ல பகுதியை வெட்டி எடுத்துப் போர்வையாக்கினார்கள்.

போரும் போர்வையும்

நாம் குடியிருக்கும் இந்த நகரமே போரில் பிறந்தது. 1941 இல் இங்கிருந்த பண்ணை நிலங்களில் ஷெல்லுக்கு வெடிமருந்து நிரப்பும் பெரிய தொழிற்சாலை ஒன்று எழுந்தது. 1939 டிசம்பரில் தென் அமெரிக்கக் கரையோரம் ஜேர்மன் போர்க்கப்பலை எதிர்த்துச் சண்டையிட்ட பிரித்தானியக் கப்பலின் பெயர் 'அஜக்ஸ்'. அந்தப் பெயரே ஊருக்கு வந்தது. நாம் தினமும் போய்வரும் ஹார்வூட் அவெனியூ அந்தச் சண்டையை நடத்திய தளபதியின் பெயரைக் கொண்டது. தொழிற்சாலையில் ஒரு கட்டத்தில் 9,000 பேர் வரை வேலை செய்தார்கள். கனடாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்து சேர்ந்த அவர்களில் பெருந்தொகையானோர் பெண்கள். போர் முடியுமுன் ஏறத்தாழ 4 கோடி ஷெல்கள் இங்கே நிரப்பப்பட்டன. ஷெல் என்றால் என்னவென்று எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அதே ஆண்டுகளில் கனடாவின் வேறு பெண்கள், வீடுகளிலும் தேவாலயங்களிலும் கூடியிருந்து குவில்ற் தைத்தார்கள். குண்டுவீச்சில் வீடிழந்த பிரித்தானியக் குடும்பங்களுக்காகக் கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் ஏறத்தாழ 4 இலட்சம் குவில்ற்றுகள் கப்பலேறின என்று கணிக்கப்படுகிறது. மூலையில் சங்கத்தின் பெயர் பொறித்த சிறு துணித்துண்டு ஒன்று இருக்கும். தைத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

எமக்கு மேற்கே, வாட்டர்லூப் பகுதியில் வாழும் மெனனைற் மக்களையும் இங்கே சொல்லவேண்டும். சமய நம்பிக்கைக்காக நாடுவிட்டு நாடு அலைந்த மக்கள் அவர்கள். 1920களில் ரஷ்யாவின் கலவரத்திலிருந்து தப்பிக் கனடா வந்தோரும் அவர்களில் உண்டு. நியூ ஹம்பேர்க் என்ற சிற்றூரில் 1967 இல் அவர்கள் ஆரம்பித்த நிவாரணச் சந்தையில் குவில்ற் ஏலமே முக்கியம். அந்தப் பணம் உலகெங்கும் அல்லற்படுவோருக்குப் போகிறது. அகதிகளைத் தனியார் பொறுப்பேற்றுக் கூப்பிடுவதற்கான முதலாவது உடன்படிக்கையை 1979 மார்ச்சில் கனடிய அரசோடு செய்துகொண்டதும் மெனனைற் நிவாரண அமைப்பே. இருந்த இடத்தை இழந்தவர்கள் இன்னொருவருக்குக் குளிர் தாங்கத் தைத்த பொருள் இது. எமக்கு அந்நியமானதல்ல.

எந்த மெசின்?

கோடைகாலக் கராஜ் சேல்களிலும் பழைய பொருட்கள் விற்கும் கடைகளிலும் கறுத்தச் சிங்கர் மெசின்கள் அடிக்கடி வரும். மெசினின் மேடையில் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். அது 'ஜே' எழுத்தில் தொடங்கினால் கியூபெக் மாகாணத்து சென் ஜோன் நகரில் செய்யப்பட்டது. 'எஃப்', 'வை', 'ஈ' என்று தொடங்கினால் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் 1885 இல் திறந்து 1980 இல் மூடிய பெரிய தொழிற்சாலையில் செய்யப்பட்டது.

குவில்ற்றுக்குப் பழைய மெசின் நல்லது என்பதற்குக் காரணம் உண்டு. இன்றைய மெசின்களில் ஊசி இடமும் வலமும் ஆடவேண்டியிருப்பதால் தட்டில் நீளமான துவாரம் இருக்கும். சிறு துண்டின் முனை அதற்குள் இழுபடும். கறுத்த மெசின்களில் அநேகமானவை நேர்த்தையல் மட்டும் தைப்பவை, துவாரம் ஊசியளவுதான்.

வாங்குமுன் கைச்சில்லை உங்கள் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பெரும்பாலும் பழைய எண்ணெய் காய்ந்ததுதான் காரணம். தலைமயிர் காயவைக்கும் கருவியால் சூடுகாட்டி, மெசின் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, ஓரிரு நாள் பொறுத்தால் இளகும். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ விடவேண்டாம், அவை பிசினாகிவிடும். மோட்டார் பூட்டியதென்றால் வயரின் உறை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெடித்திருந்தால் திருத்தாமல் மின்சாரம் கொடுக்கவேண்டாம். ஊரிலிருந்து 230 வோல்ற் மோட்டாரோடு மெசின் கொண்டுவந்தவர்கள் அதை இங்கே 120 வோல்ற்றில் நேரே பூட்டமுடியாது. கைமெசினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஊசியின் தட்டைப் பக்கம் எங்கே இருக்கவேண்டும் என்பது மொடலுக்கு மொடல் வேறுபடும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்குள் நுழைகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் தட்டை இருக்கவேண்டும். 'மெசின் தையல் விடுகிறது' என்று கைவிடப்பட்ட பல மெசின்களில் பிழை இந்த ஊசியில்தான்.

முதல் புளொக்

தொடங்குவதற்கு ஒன்பது சதுரப் புளொக் ஏற்றது. பருத்தித் துணியாக எடுங்கள்: சீத்தை, பழைய சேட், சாரம், நூல்சேலை. பட்டும் வழுக்கும் சேலைகளும் பின்னுக்கு இருக்கட்டும். எல்லாவற்றையும் முதலில் தோய்த்துக் காயவைத்து அயன் பண்ணுங்கள். சாயம் போவதும் சுருங்குவதும் அப்போதே தெரிந்துவிடும்.

மூன்றரை அங்குலச் சதுரங்களாக 5 கடும் நிறத்திலும் 4 வெளிர் நிறத்திலும் வெட்டுங்கள். மூன்று மூன்றாக வரிசை தைத்து, மூன்று வரிசைகளையும் இணைத்தால் ஒன்பதரை அங்குலப் புளொக் வரும். குவில்ற்றில் சேர்ந்தபின் 9 அங்குலமாகும். முதல், மூன்றாம் வரிசைகளின் தையலோரத்தை ஒரு பக்கமும், நடு வரிசையினதை மறுபக்கமும் சாய்த்து அயன் பண்ணினால் மூலைகள் சரியாகப் பொருந்தும்.

சட்டை தைத்துப் பழகிய கைக்கு ஒன்றுதான் புதிது. இங்கே தையலோரம் கால் அங்குலம் மட்டுமே. அதில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனால், புளொக் ஒன்றில் கால் அங்குலம் குறையும். ஆறு புளொக் சேரும்போது ஒன்றரை அங்குலம் காணாமல் போய்விடும். ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து மேடையில் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். ஒன்றரை அங்குல அகல நாடாத்துணிகள் மூன்றைப் பக்கம் பக்கமாகத் தைத்துப் பாருங்கள். நடுத்துணி சரியாக 1 அங்குலம் வந்தால் உங்கள் தையல் சரி.

குறுக்கே 6, நெடுக்கே 8 என 48 புளொக் சேர்ந்தால் 54 அங்குலம் அகலமும் 72 அங்குலம் நீளமும் கொண்ட போர்வைக்கு மேற்படை தயார். மொத்தம் 432 துண்டுகள். நாளொன்றுக்கு ஒரு புளொக் என்றால் ஒரு பனிக்காலத்துக்குள் முடியும். மேலும் படித்தறிய நூலகத்தில் 746.46 என்ற இலக்கத்தட்டைத் தேடுங்கள். படங்களே பாதி பாடத்தைச் சொல்லிவிடும்.

யார் துணி, யார் கதை

சதுரங்களை வெட்டவும் நிறம் அடுக்கவும் பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள். அளவு பார்ப்பது பிள்ளைக்குக் கணக்கு. அம்மம்மாவுக்கு அது கைப்பழக்கம். இந்த வேலையில் ஆங்கிலம் தெரிந்தவர் மாணவர், தெரியாதவர் ஆசிரியர். 'இது ஆருடைய சாரம்?' என்று பிள்ளை கேட்கும். அப்போது அப்பப்பாவின் பெயர் வரும், ஊர் வரும், விட்டுவந்த வீடு வரும். இருத்திவைத்துச் சொன்னால் கேட்காத கதையைப் பிள்ளை துணி அடுக்கிக்கொண்டே கேட்கும்.

ஊரிலிருந்து வந்த துணி ஒரு முழமே இருந்தாலும் வெட்டத் தயங்குவோர் உண்டு. பெட்டிக்குள் மடித்து வைத்ததைப் பிள்ளைகள் அறியமாட்டார்கள், பூச்சி அறியும். ஒரு சதுரமாவது வெட்டிப் போர்வையின் நடுவே வையுங்கள். முடிந்தபின், செஞ்சிலுவைப் போர்வைகளில் இல்லாத ஒன்றையும் மறவாமல் செய்யுங்கள்: பின்பக்க மூலையில் தைத்தவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தமிழில் எழுதி நூலால் பதியுங்கள். அந்த எழுத்துகளைப் பிள்ளையே எழுதட்டும்.