கெத்தும் தமிழ்தான்

சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அதன் நினைவாக நட்ட கல்லில் ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன் என மூன்று மொழிகள். இன்று அங்கே இருக்கும் பாலத்துக்குத் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயர். அதைக் கடக்கும் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் காதில் விழுவதோ ‘செம கெத்து மச்சி’, ‘சீன் போடாத’, ‘வேற லெவல்’, ‘ஒரே பேஜாரா கீது’ என்ற பேச்சு. தமிழ் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். தமிழ் தெம்போடு இருப்பதற்கு இந்தப் பேச்சே சாட்சி என்பது என் வாதம்.

சில சொற்களைக் கிட்டத்தில் பார்ப்போம். மொக்கை என்றால் முனை மழுங்கியது. மொக்கைக் கத்தி என்று அடுக்களையில் சொல்வதுதான். கூர்மை இல்லாத ஜோக் மொக்கை ஜோக் ஆயிற்று. சலிக்கச் சலிக்கப் பேசுவது மொக்கை போடுவது. நம்பிப் போய் அசடு வழிந்து திரும்புவது மொக்கை வாங்குவது. ஒரே சொல் போடு, வாங்கு என்ற துணையோடு இரண்டு பொருள் தருகிறது. அடி போடுவது, அடி வாங்குவது என்று நாம் எப்போதும் பேசும் முறைதான் இது. கேலி செய்வதைக் குறிக்கும் கலாய் என்ற வினை, படிக்கிறான், படித்தான், படிப்பான் என்பதுபோலவே கலாய்க்கிறான், கலாய்த்தான், கலாய்ப்பான் என்று காலம் காட்டுகிறது. யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. பேஜார் பாரசீகத்தில் பிறந்து உருது வழியாக வந்தது. இங்கே ‘பேஜாராயிடுச்சு’ என்று தமிழ் விகுதி ஏற்றுவிட்டது. அழுக்கைச் சொல்லும் கலீஜ் உருது, நைனா தெலுங்கு, துட்டு டச்சுக்காரர்களின் செப்புக் காசுப் பெயர் என்பார்கள். ‘வந்துகினு’ என்பதில் இருப்பது நம் ‘கொண்டு’தான். பந்தா காட்டுபவனைச் ‘சீன் போடுறான்’ என்கிறோம். அதை அப்படியே பெயர்த்துச் சொன்னால் லண்டன்காரருக்குப் புரியாது. சொல் எங்கிருந்து வந்தாலும் அதை நடத்துவது தமிழ் இலக்கணம்.

இலக்கணம் இதையெல்லாம் ஏற்குமா என்று கேட்பார்கள். 13ஆம் நூற்றாண்டு நன்னூல், ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லுக்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டு இடம் ஒதுக்கியிருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள். காலப்போக்கில் பழைய சொல் கழிந்து புதியது புகுவது குற்றமில்லை என்றும் அதே நூல் சொல்கிறது. ஆனாலும் நம் தயக்கம் தீரவில்லை. தமிழ்ப் பெயருள்ள படங்களுக்கு 2006இல் தமிழக அரசு கேளிக்கை வரி விலக்கு அறிவித்தது. பத்தாண்டு கழித்துக் ‘கெத்து’ படம் வந்தபோது, அந்தச் சொல் தமிழா என்ற சிக்கல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

பிள்ளைகளின் எழுத்து கெடுகிறதே என்ற ஆசிரியர்களின் கவலை நியாயமானது. விடைத்தாளில் ‘செம’ என்று எழுதினால் மதிப்பெண் குறையத்தான் வேண்டும். அதற்கு மருந்து, எந்தச் சொல் எந்த இடத்துக்கு என்று கற்றுத் தருவது. பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என இரண்டு தமிழ் வைத்துக்கொண்டே நாம் காலங்காலமாக வாழ்கிறோம். 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பேச்சு வழக்கு, வட்டார வழக்கு என்று அடையாளமிட்டே சொற்களைச் சேர்த்தது. வகுப்பறையும் அதைச் செய்யலாம்: ‘கலாய்த்தான்’ என்பதற்கு ஈடாக எள்ளினான், நகையாடினான், கிண்டலடித்தான் என்பவற்றைப் பக்கத்தில் வைத்து வேறுபாடு கேட்டால், மாணவருக்கு நான்கு சொற்களும் கைவசமாகும்.

கடைசி ஆட்சேபம், இது நாகரிகமற்ற பேச்சு என்பது. கஸ்மாலம் என்றதும் குப்பத்து வசவு என்று காதைப் பொத்துகிறோம். சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல் அது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், மனம் தளர்ந்த அர்ஜுனனைக் கேட்கும்போது கண்ணனே அதைச் சொல்கிறான். ஆகவே இழிவு சொல்லில் இல்லை. சொல்பவரைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தில் இருக்கிறது. மறுபுறம், சினிமாவில் சிரிப்புக்குப் பயன்படும் கேப்மாரி, பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய ஒரு சமூகத்தின் பெயர். அதை வசவாக்குவது அந்த மக்களை இன்னமும் தண்டிப்பதுதான். கைவிட வேண்டிய சொல் அதுவே. எந்த மொழியிலிருந்து வந்தது, எந்தத் தெருவில் பேசப்படுகிறது என்பதை வைத்து ஒரு சொல்லைத் தள்ளக் கூடாது. அது யாரைக் காயப்படுத்துகிறது என்பதே அளவுகோல். அந்த அளவுகோலில் மொக்கையும் கெத்தும் தேறும். நல்ல தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு சாதிப் பெயரால் திட்டுபவர்தான் தேறமாட்டார்.