செயலி போனால் கைப்பேசியும் போகுமா?

கேமராவையும் விலையையும் பார்த்துத்தான் மக்கள் கைப்பேசி வாங்குகிறார்கள் என்று விளம்பரங்கள் சொல்லும். மலேசியாவின் லூனாஸ் வட்டாரத்தில் அந்தக் கருவிக்கு அன்றாடம் வேலை கொடுப்பது என்னவோ புலனம் என்று சொல்லப்படும் வாட்ஸ்அப்தான். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, கோயில் திருவிழா ஏற்பாடு, கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் பேச்சு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளையின் அழைப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். 2025 மே மாதம் ஐஓஎஸ் 15.1க்குக் குறைந்த பதிப்பில் இயங்கும் ஐபோன்களை வாட்ஸ்அப் கைவிட்டது. திரையும் பேட்டரியும் நன்றாக இருந்தும் ஐபோன் 6 வைத்திருந்தவர் வேறு கைப்பேசி தேட வேண்டியதாயிற்று. செயலி நிறுவனத்தின் முடிவே இவ்வளவு செய்யும் என்றால், ஓர் அரசாங்கம் வெளிநாட்டுச் செயலி ஒன்றைத் தடை செய்தால் கைப்பேசி விற்பனை என்னாகும்?

இந்தக் கேள்வி உலகச் சந்தையை உலுக்கியது 2020இல். அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி, சீனாவின் டென்சென்ட் நிறுவனத்துடன் வீசேட் தொடர்பாக எந்தப் பரிவர்த்தனையும் கூடாது என்ற ஆணையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். நடைமுறைக்கு வர 45 நாள் கெடு. தடை அமெரிக்காவுக்குள் மட்டுமா, அல்லது ஆப்பிள் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் உலகம் முழுவதும் வீசேட்டைக் கைகழுவ வேண்டுமா என்பது ஆணையில் தெளிவாக இல்லை. பயமே அங்கிருந்துதான் கிளம்பியது.

சீனாவில் வீசேட் வெறும் குறுஞ்செய்திச் செயலி அன்று. காய்கறிக் கடையில் பணம் கட்டுவதும் டாக்சி பிடிப்பதும் அலுவலகத்தோடு பேசுவதும் அதில்தான். ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் சீனருக்குத் தடையால் பெரிய நட்டமில்லை; ஹுவாவே, சியாவ்மி நிறுவனங்களுக்குச் சொந்தச் செயலிக் கடைகள் இருக்கின்றன, இணையத்திலிருந்து கோப்பாக இறக்கியும் நிறுவிக்கொள்ளலாம். ஐபோனுக்கு அங்கே ஆப்பிளின் ஆப் ஸ்டோர் ஒன்றே வழி. அந்தக் கதவை அடைத்தால், புதிதாக ஐபோன் வாங்குபவருக்கு வீசேட் இல்லை.

ஆப்பிளைக் கூர்ந்து கவனிக்கும் ஆய்வாளர் மிங்-சீ குவோ கணக்குப் போட்டுப் பார்த்தார். உலகெங்கும் வீசேட் நீக்கப்பட்டால் ஆண்டு ஐபோன் விற்பனை 25 முதல் 30 விழுக்காடு வரை சரியலாம்; அமெரிக்காவில் மட்டும் நீக்கப்பட்டால் 3 முதல் 6 விழுக்காடு என்றார். சீனாவின் வெய்போ தளத்தில் வீசேட்டா, ஐபோனா என்று கேட்ட கருத்துக்கணிப்பில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். சுமார் 95 விழுக்காட்டினர் ஐபோனைத்தான் விடுவோம் என்றார்கள். இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்தக் காசு செலவில்லை என்பதால் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஆப்பிளின் மொத்த வருவாயில் ஏறத்தாழ 15 விழுக்காடு சீன வட்டாரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

தடை கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை. செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோ நீதிபதி லாரல் பீலர் அதை நிறுத்தி வைத்தார். 2021 ஜூன் 9ஆம் தேதி அதிபர் பைடன் ஆணையையே ரத்து செய்தார். இடையில் ஐபோன் 12 வெளிவந்தது. 2020இன் கடைசிக் காலாண்டில் சீன வட்டாரத்தில் ஆப்பிளின் வருவாய் முந்தைய ஆண்டைவிட 57 விழுக்காடு கூடியது.

குவோவின் கணக்கு இப்படிச் சோதிக்கப்படாமலே போனாலும், அதே வகை அடியை நிஜமாகவே வாங்கிய நிறுவனம் ஒன்று உண்டு. 2019 மே மாதம் அமெரிக்கா ஹுவாவேயைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதன் புதிய கைப்பேசிகளுக்கு கூகுள் சேவை கிடையாது என்றாயிற்று. அடுத்த சில நாளிலேயே சிங்கப்பூரிலும் பிலிப்பைன்ஸிலும் மக்கள் கையிலிருந்த ஹுவாவேயை விற்கக் கடை ஏறினர். சில கடைகள் வாங்கவே மறுத்தன. செப்டம்பரில் வந்த மேட் 30இன் கேமராவைப் புகழாதவர் இல்லை. ஆனாலும் பிளே ஸ்டோரும் யூடியூப்பும் இல்லாத கைப்பேசிக்கு வெளிநாட்டில் ஆள் குறைந்தது. சீனாவில் கூகுள் முன்பே இல்லாததால் அங்கே விற்பனை விழவில்லை, ஏறவே செய்தது.

இந்தியாவின் கதை வேறு. 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக், வீசேட் உள்ளிட்ட 59 சீனச் செயலிகள் தடைசெய்யப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்துக்குச் சில வாரம் தடை போட்டிருந்தது. ஏற்கெனவே நிறுவியிருந்தவர்கள் தொடர்ந்து ஆடிப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். 2020 தடையில் அந்த ஓட்டையும் அடைபட்டது. சீனக் கைப்பேசிகளின் பங்கு இந்திய-சீன எல்லை மோதலின் கோபத்தாலும் சரக்குத் தட்டுப்பாட்டாலும் சற்றே இறங்கியது. டிக்டாக் போனதற்காக எவரும் கைப்பேசியை மாற்றவில்லை, மாற்றிப் பயனுமில்லை. எல்லாக் கைப்பேசியிலும் ஒருசேர நின்றுபோன செயலிக்கு மக்கள் வேறு செயலி தேடுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் கைப்பேசியில் மட்டும் நின்றுபோனால்தான் கடையில் போய் வேறு கைப்பேசி கேட்கிறார்கள்.

மலேசியாவில் 2025 ஜனவரி 1 முதல், 80 லட்சமோ அதற்கு மேலோ பயனர் கொண்ட சமூக ஊடகங்களும் குறுஞ்செய்திச் சேவைகளும் உரிமம் பெற வேண்டும் என்ற விதி வந்தது. வீசேட்டும் டிக்டாக்கும் முதலிலேயே பெற்றுவிட்டன. அப்படியொரு விதியை வைத்து ஏதேனும் ஒரு செயலி முடக்கப்பட்டாலும் அது எல்லாக் கைப்பேசிக்கும் பொது. லூனாஸ் கைப்பேசிக் கடைக்காரரின் வியாபாரம் அதனால் படுத்துவிடாது.

அவர் வீட்டில் கூலிமுக்கு வேலைக்குப் போகிறவர் இருந்தால் அந்த நிம்மதி பாதிதான். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் உருவாகும் சில்லுகள் வெளிநாட்டு ஆர்டரை நம்பியவை. வாஷிங்டனில் போடப்படும் தடையால் ஏதோவொரு கைப்பேசியின் விற்பனை சரிந்தால், அதற்குச் சில்லு கொடுக்கும் ஆலையில் முதலில் வெட்டுப்படுவது ஓவர்டைம். பல நிறுவனங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் ஆலை, ஒருவர் இழந்த வியாபாரத்தை அவருடைய போட்டியாளரின் ஆர்டரில் பிடித்துக்கொள்ளும். ஒரே வாடிக்கையாளரை நம்பிய ஆலைக்கு அந்த வசதி கிடையாது.