மார்கழி ரொட்டி, சித்திரை ரொட்டி

வீட்டில் முதன்முதலாகப் புளிமாவு ரொட்டி, அதாவது சவர்டோ, செய்து பார்த்தது சென்னையில் ஒரு மே மாதம். 'அறை வெப்பத்தில் எட்டு மணி நேரம் வைக்கவும்' என்று சமையல் புத்தகத்தில் போட்டிருந்தது. இரவு பத்து மணிக்குப் பிசைந்து மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பாத்திரத்தில் மாவு இல்லை, கூழ் இருந்தது. திறந்ததும் கள் வாடை. அந்தப் புத்தகம் பிறந்த நாட்டில் அறை வெப்பம் என்றால் 21 டிகிரி. என் சமையலறையில் நள்ளிரவிலும் 32.

அன்று எனக்கு உறைத்தது இதுதான்: இதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்த விஷயம். மார்கழியில் இட்லி மாவு பொங்காது என்று பாத்திரத்தை அடுப்பு மேடையில் வைத்துக் கம்பளியால் சுற்றுவார். சித்திரையில் கிரைண்டரில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைப்பார். மாவு எழும்பத் தொடங்கியதுமே ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுவார். மணியைப் பார்த்து அவர் எதையும் செய்ததில்லை. பாத்திரத்தில் மாவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்றுதான் பார்ப்பார். ரொட்டிக்கும் வேண்டியது அந்தக் கண்தான்.

ஸ்டார்ட்டர் என்கிற தாய்மாவு வெறும் கோதுமை மாவும் தண்ணீரும்தான். அதில் ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. ஈஸ்ட் மாவை எழுப்புகிறது, பாக்டீரியா புளிப்பைத் தருகிறது. வெப்பம் எட்டு, பத்து டிகிரி கூடினால் இந்த வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். ருசியும் மாறும். சூட்டில் புளித்த மாவில் தயிரின் மென்மையான புளிப்பு. குளிரில் மெதுவாகப் புளித்ததில் வினிகரின் காரமான வாடை. ஒரே வீட்டில், ஒரே மாவில், இரண்டு பருவத்துக்கு இரண்டு ரொட்டி.

ஆகவே பருவத்தோடு முதலில் மாற வேண்டியது தண்ணீர். பிசைந்த மாவு 24 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24-ஐ மூன்றால் பெருக்கினால் 72. அதிலிருந்து அறையின் வெப்பத்தையும் மாவின் வெப்பத்தையும் கழித்தால் வருவது தண்ணீரின் வெப்பம். கத்திரி வெயிலில் அறை 33, மாவு 32 என்றால் மிச்சம் 7, ஃபிரிட்ஜ் தண்ணீர்தான். மார்கழி விடியலில் இரண்டும் 23 என்றால் மிச்சம் 26. குழாய்த் தண்ணீரே போதும். ரொட்டிக் கடைக்காரர்கள் காலங்காலமாகப் போடும் கணக்கு இது. வீட்டு ரொட்டியில் பாதித் தோல்வி இந்த ஒரு கழித்தலில் போய்விடும்.

நான் செய்கிற அளவு: மைதா 400 கிராம், சக்கி ஆட்டா 100, தண்ணீர் 350, ஸ்டார்ட்டர் 100, உப்பு 10. மார்கழியில் எழும்ப ஏழு மணி நேரம்கூட ஆகும். மே மாதத்தில் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்போது மாவு இரண்டு மடங்காகட்டும் என்று காத்திருக்கவே கூடாது. ஒன்றரை மடங்கு ஆனதும் உருட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். உள்ளே குளிர்வதற்குள் மீதி எழுச்சியை அது தானே முடித்துக்கொள்ளும். கடையில் வாங்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்றாலும் இதே கதைதான்: 500 கிராம் மாவுக்கு மார்கழியில் 3 கிராம், வெயிலில் 1 கிராம். ஸ்டார்ட்டருக்கும் வெயிலில் பசி அதிகம். குளிர்காலத்தில் ஒரு பங்கு பழைய மாவுக்கு இரண்டு பங்கு புது மாவு போதும். வெயிலில் ஐந்து பங்கு போடாவிட்டால் இரவுக்குள் நீர்த்து, கடும்புளிப்பேறிக் கிடக்கும்.

ஐப்பசி அடைமழையின் தொல்லை வேறு. காற்றின் ஈரத்தை மாவு இழுத்துக்கொள்வதால் தண்ணீரில் ஒரு கை குறைக்க வேண்டும். மொறுமொறுவென்று வெளியே வந்த மேலோடு மாலைக்குள் தளர்ந்துவிடும். அதைவிடக் கெட்டது ஒன்று உண்டு. ரொட்டியைப் பிய்த்தால் உள்ளே நூல் நூலாக இழுபடும், அழுகிய முலாம்பழ வாடை வரும். பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வேலை இது. ரொட்டியின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டில் அதன் வித்துகள் சாகாமல் தப்பி, புழுக்கத்தில் முளைத்துவிடுகின்றன. புளிப்பு இருந்தால் அவற்றால் தலையெடுக்க முடியாது. மழைக்காலத்தில் ஈஸ்ட் ரொட்டியைவிடப் புளிமாவு ரொட்டி நல்லது என்று நான் சொல்வதற்கு ருசி மட்டும் காரணமல்ல.

நல்ல புளிமாவு வெளிநாட்டுக் காற்றில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ ரொட்டியின் புளிப்புக்குக் காரணமான பாக்டீரியாவை 1971-இல் ஆய்வாளர்கள் விவரித்து, அந்த ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பிறகு அதே பாக்டீரியா பல நாடுகளின் புளிமாவிலும் கிடைத்தது. 500 ஸ்டார்ட்டர்களைச் சோதித்து 2021-இல் வெளியான ஆய்வொன்றும், அவை இருக்கும் ஊரால் வரும் வேறுபாடு மிகக் குறைவு என்றே கண்டது. ஈஸ்ட் பாக்கெட் வருவதற்கு முன்பே கோவாவில் தென்னங்கள்ளை விட்டுத்தான் பாவ் ரொட்டி செய்தார்கள். நம் ஊர் ஆப்ப மாவிலும் கள் விழுந்தது. இந்த வெயிலிலும் புழுக்கத்திலும் மாவைப் பொங்கவைப்பது இங்கே யாருக்கும் புதிதல்ல.

தொடங்க விரும்புகிறவர்கள் கத்திரியில் தொடங்காதீர்கள். தை மாதம் நல்ல காலம். ஒரு கண்ணாடிக் குப்பியில் 50 கிராம் ஆட்டாவும் 50 கிராம் தண்ணீரும் கலந்து வையுங்கள். தினமும் ஒரு வேளை பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் சேருங்கள். இரண்டாம் நாள் பொங்கிவிட்டு மூன்றாம் நாள் அப்படியே அடங்கிப்போகும், செத்துவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். குப்பியில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு, மாவு எவ்வளவு ஏறுகிறது என்று மட்டும் கவனியுங்கள். மூங்கில் கூடையும் விலையுயர்ந்த கத்தியும் பிறகு வாங்கலாம். முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள்.